மனதில் திரும்பத் திரும்ப வரும் பயங்கரமான எண்ணங்களை எப்படி நிறுத்துவது?

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருப்பது இது: கத்தியைக் கையில் எடுத்தாலே பக்கத்தில் விளையாடும் குழந்தையைக் குத்திவிடுவோமோ என்று ஒரு எண்ணம் பாய்ந்து வருகிறது. வீட்டில் இருக்கும் கத்திகளை எல்லாம் ஒளித்து வைத்துவிட்டீர்கள். "நான் கொலைகாரனா? இதை எப்படி நிறுத்துவது?" என்று கேட்கிறீர்கள்.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயோடு பல வருடங்களாக வாழ்கிறவன், சிகிச்சை எடுத்துக்கொண்டவன். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன். எண்ணத்தை நிறுத்த முடியாது. நல்ல செய்தி, நிறுத்தத் தேவையும் இல்லை. நிறுத்த வேண்டியது எண்ணம் வந்த பிறகு நாம் செய்கிற காரியங்களை.

முதலில் அந்த எண்ணம் எவ்வளவு சாதாரணமானது என்று பார்த்துவிடலாம். 1978இல் ஸ்டான்லி ராக்மன், பத்மால் டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் எந்த நோயும் இல்லாதவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் தங்களுக்கும் இப்படி அருவருப்பான, வன்முறையான எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். அவர்களுடைய எண்ணங்களையும் நோயாளிகளுடைய எண்ணங்களையும் கலந்து கொடுத்தபோது, எது யாருடையது என்று பிரிக்க அனுபவமுள்ள சிகிச்சையாளர்களே திணறினார்கள். 2014இல் 13 நாடுகளைச் சேர்ந்த 777 கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஆய்வில், முந்தைய மூன்று மாதங்களில் இப்படி ஒரு எண்ணமாவது வந்தது என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 94 சதவீதம். புதிதாகக் குழந்தை பெற்றவர்களுக்கு, அந்தக் குழந்தைக்கே தீங்கு செய்துவிடுவது போன்ற எண்ணம் வருவது மிக மிகச் சகஜம். வெளியில் சொல்லத்தான் யாருக்கும் துணிவில்லை.

அப்படியானால் அவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவர்களுக்கு அந்த எண்ணம் வருகிறது, "சீ, என்ன இது" என்று ஒரு நொடி முகம் சுளிக்கிறார்கள், அப்புறம் வேலையைப் பார்க்கிறார்கள். நாம் அங்கேயே நின்று விசாரணையை ஆரம்பிக்கிறோம். ஏன் வந்தது? எனக்கு ஏன்? உள்ளுக்குள் ஆசை இல்லாமலா வரும்? நினைப்பதும் செய்வதும் ஒன்றுதான், நினைத்தாலே நடந்துவிடும் என்று மனம் இரண்டையும் ஒட்டவைத்துவிடுகிறது. உளவியலில் இதற்குப் பெயரே உண்டு, எண்ணச் செயல் இணைவு. பால் சால்கோவ்ஸ்கிஸ் என்ற உளவியலாளர் 1985இல் இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார்: எந்தத் தீங்கு நடந்தாலும் அதைத் தடுக்கும் பொறுப்பு தன்னுடையதுதான் என்ற மிகையான உணர்வு. இந்த நோய் மனசாட்சி பலமாக இருப்பவர்களைப் பிடித்துக்கொள்வது அதனால்தான். பக்திமானுக்குக் கடவுளைப் பற்றிய கெட்ட வார்த்தை வரும். குழந்தை மேல் உயிரையே வைத்திருப்பவருக்குக் கத்தி வரும். எது நமக்கு ரொம்ப முக்கியமோ அங்கே போய்த்தான் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, விரட்டினால் போகாதா? 1987இல் டேனியல் வெக்னர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது மட்டும் இல்லை. பிறகு "இப்போது நினைக்கலாம்" என்றபோது, முதலில் அடக்கிவைத்தவர்களுக்கு, தொடக்கத்திலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. கரடிக்கே இந்தக் கதி. நாம் அடக்கப் பார்ப்பதோ நம்மை நடுங்க வைக்கும் ஒன்றை.

என் எண்ணம் ரயில் நிலையத்தில் வரும். முன்னால் நிற்பவரைத் தண்டவாளத்தில் தள்ளிவிடுவேனோ என்று. கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பேன். ரயில் கிளம்பிய பிறகுதான் உண்மையான தொல்லை. யார் மீதாவது கை பட்டதா, அவர் ஏறினாரா என்று நடந்ததை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். கை கழுவுவதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் மட்டும்தான் ஓசிடி என்று பலரும் நினைக்கிறார்கள். வெளியில் ஒன்றுமே தெரியாமல் மண்டைக்குள் நடக்கிற இந்தச் சரிபார்த்தலும் அதே கணக்குத்தான். நீங்கள் கத்தியை ஒளிப்பது, மனைவியிடம் "நான் அப்படிப்பட்டவன் இல்லையே?" என்று கேட்பது, நினைத்தபோது உள்ளே மகிழ்ச்சி இருந்ததா என்று தோண்டிப் பார்ப்பது, இணையத்தில் தேடுவது எல்லாம் அதில் சேரும். (இந்தப் பதிலையே நிம்மதிக்காகப் பத்துத் தடவை படித்தால் அதுவும்தான்.) சிரங்கைச் சொறிவது போலத்தான் இது. சொறிகிற வரை சுகம், கை எடுத்ததும் முன்னைவிட எரியும். ஒவ்வொரு முறையும் மூளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: "கத்தியை ஒளித்ததால்தான் ஒன்றும் நடக்கவில்லை."

அந்தப் பாடத்தை மாற்றுவதுதான் சிகிச்சை. பயப்படும் சூழ்நிலைக்குள் படிப்படியாகப் போவது, போய்விட்டு ஒளிப்பது, கேட்பது, ஓட்டிப் பார்ப்பது போன்ற வழக்கமான அந்தச் சடங்கைச் செய்யாமல் இருப்பது. 1966இல் விக்டர் மேயர் என்பவர் இரண்டு நோயாளிகளிடம் செய்து எழுதியதிலிருந்து தொடங்கியது. இன்றைக்கு ஓசிடிக்கான முதன்மையான பேச்சுவழிச் சிகிச்சை இதுதான், ஈஆர்பி என்பார்கள். உங்கள் விஷயத்தில், முதலில் கத்தி மேசை மேல் வெளிப்படையாக இருப்பது, பிறகு அதை எடுத்துப் பயன்படுத்துவது, பிறகு குழந்தை அதே அறையில் இருக்கும்போது எல்லோரையும் போல காய் நறுக்குவது என்று போகலாம். வரிசையைச் சிகிச்சையாளரோடு சேர்ந்து போடுங்கள். நான் எல்லோரும் நிற்கிற இடத்தில் கையைத் தொங்கவிட்டு நின்றேன். வீடு திரும்பும் வழியில் ஓட்டிப் பார்க்கத் துடிக்கும். "தள்ளியிருக்கலாம், தள்ளாமலும் இருக்கலாம்" என்று விட்டுவிட வேண்டும். கேட்க மோசமாக இருக்கிறது, தெரியும். ஆனால் நூறு சதவீத உறுதி கேட்பதுதான் நோயின் தீனி. இதில் ஒரு எச்சரிக்கை, அந்த வாக்கியத்தையே மந்திரம் போல ஜெபிக்க ஆரம்பித்தால் அதுவும் இன்னொரு சடங்காகிவிடும்.

நல்லதையே நினை, மனதை வேறு பக்கம் திருப்பு என்கிற அறிவுரைகள் எனக்கு உதவவில்லை. விரட்டுவதற்கு இன்னொரு பெயர் அவ்வளவுதான்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக: ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸமின் போன்றவற்றை மனநல மருத்துவர் தரலாம். மனச்சோர்வுக்குத் தருவதைவிட அளவு கூடுதலாகத் தேவைப்படுவது உண்டு. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் கூட ஆகலாம், எனவே இரண்டு வாரத்தில் "வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நீங்கள் கேட்கும்போதெல்லாம் "நீ நல்லவன்தான்" என்று சொல்லாமல், "இது அந்த எண்ணம் கேட்கிற கேள்வி, இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை" என்று அன்பாக மறுக்கச் சொல்லுங்கள். முதலில் கோபம் வரும். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் அவ்வளவு சண்டை வராது.

ஒன்று மட்டும் தனி. எண்ணம் உங்களைப் பயமுறுத்தாமல், செய்ய வேண்டும் என்ற விருப்பமாகவோ திட்டமாகவோ மாறினால், அல்லது செய்யச் சொல்லி ஒரு குரல் கட்டளையிட்டால், அல்லது செத்துவிடலாம் என்று தோன்றினால், அது வேறு விஷயம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அதற்காக "எனக்கு அப்படி இருக்கிறதா?" என்று மணிக்கொரு முறை சோதிக்க ஆரம்பிக்காதீர்கள்.

மருத்துவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினால் எழுதிக் கொடுங்கள். நானும் எழுதித்தான் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு முகம் மாறாமல் கேட்டது, "ஒரு நாளில் இதில் எவ்வளவு நேரம் போகிறது?" என்றுதான். தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா என்பது நோயைக் கண்டறிய அவர்கள் பார்க்கிற விஷயங்களில் ஒன்று. எனவே போகும்போது அதற்கு ஒரு தோராயமான பதிலையும், இதனால் எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள் என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள்.