வயிறு இறுகினால் குழுவில் கேட்காதே, போன் செய்

எட்டாம் மாதம், முதல் குழந்தை, ஊர் புதிது, வயிறு அடிக்கடி கல் மாதிரி இறுகுகிறது, ஆஸ்பத்திரிக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களா அக்கா என்று நம்மவர்கள் குழுவில் கேட்டிருக்கிறாய். தொட்டில், குழந்தைத் துணி எப்போது வாங்குவது என்றும் கேட்டிருக்கிறாய். அதைச் சொல்ல நூறு பேர் வருவார்கள். நான் வயிற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெரும்பாலும் இது பொய் வலிதான். 1872இல் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைப் பற்றி எழுதியதால் நர்சுகள் அவர் பெயரைச் சொல்லியே பேசுவார்கள். போனில் அந்தப் பெயர் காதில் விழுந்தால் மிரளாதே. கர்ப்பப்பைத் தசை இறுகித் தளர்கிறது, அவ்வளவுதான். ஒழுங்கில்லாமல் வரும், போகப் போக வலுக்காது, பெரும்பாலும் முன்வயிற்றோடு நிற்கும். தண்ணீர் குறைவாகக் குடித்தாலோ, சிறுநீரை அடக்கினாலோ, ஓயாமல் வேலை செய்தாலோ அதிகமாகும். சிறுநீர் கழித்துவிட்டு, தண்ணீர் குடித்து, ஒருக்களித்துப் படு. படுத்திருக்கும்போது வந்தால் எழுந்து நட. அடங்கினால் சரி. நிஜ வலி இதற்கெல்லாம் மசியாது. இடைவெளி குறைந்துகொண்டே வரும், வலி ஏறிக்கொண்டே போகும். பலருக்கு முதுகில் தொடங்கி முன்னால் வரும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒரு மணி நேரமாக இப்படியே என்றால் கிளம்பலாம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது மாதம் நிறைந்தவர்களுக்கு. உனக்கு இன்னும் 37 வாரம் ஆகவில்லை. ஒரு மணி நேரத்தில் நான்கைந்து முறை இறுகினாலே, வலி இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரிக்குப் போன் செய். ரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ எந்தக் கணக்கும் பார்க்காதே, உடனே கூப்பிடு.

இங்கே நம்மவர்கள் குழுக்களில் ஒரு வகை அக்காமார் உண்டு. இரண்டு பெற்றுவிட்டால் போதும், டாக்டர் ஆகிவிடுவார்கள். "தலைப்பிள்ளை மெதுவாகத்தான் வரும், இதற்கெல்லாம் போய் நின்றால் சிரிப்பார்கள்" என்று எனக்கும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, போனேன். வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்து, பொய் வலி என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். யாரும் சிரிக்கவில்லை. மறுபடி சந்தேகம் வந்தால் மறுபடி வா என்றார்கள்.

எனக்குப் பயம் வலியில் இல்லை, போனில்தான். ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் பேசும் வேகமும் உச்சரிப்பும் பிடிபடாது. அதனால் எத்தனை வாரம், எப்போது தொடங்கியது, எவ்வளவு இடைவெளி என்று அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதிலை அவர்கள் மொழியிலேயே தாளில் எழுதி, சமையலறையில் நின்று சத்தமாக வாசித்துப் பழகினேன். இடைவெளி என்றால் ஒரு வலியின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை. என் வீட்டுக்காரர் முடிவிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார், அந்த வலியிலும் திருத்த வேண்டியிருந்தது. இப்போது புதிதாக வரும் பெண்களுக்கு நான்தான் போனில் பேசிக் கொடுக்கிறேன். சிரிப்பார்கள் என்ற அந்த அக்காவின் மகளுக்கும் நான்தான் பேசினேன்.