தோற்றுப்போன பாட்டா அது?

கேள்வி: 1985-இல் ஜப்பானில் தோற்றுப்போன மரியா தகேயுச்சியின் 'பிளாஸ்டிக் லவ்' பாட்டை யூடியூப்தானே பிழைக்க வைத்தது? இதில் அவருக்கு என்ன பெருமை? (வாசகர், கும்பகோணம்)

பதில்: 1985 மார்ச்சில் 12 அங்குல இசைத்தட்டாக வந்தபோது ஜப்பானின் ஓரிகான் விற்பனைப் பட்டியலில் 86-ஆம் இடத்தோடு அது நின்றுவிட்டதையும், ஏறத்தாழ 10,000 தட்டுகளே விற்றதையும் வைத்துத்தான் நீங்கள் அதைத் தோல்வி என்கிறீர்கள். ஆனால், அதே பாட்டு இடம்பெற்ற 'வெரைட்டி' இசைத்தொகுப்பு 1984 ஏப்ரலிலேயே வெளிவந்து, அதே பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. விரும்பியவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்த பாட்டை மறுபடியும் காசு கொடுத்து வாங்கியவர்கள் குறைவு என்பதற்கு மேல் அந்த 86 எதையும் சொல்லவில்லை.

பெருமை எங்கே என்று கேட்டீர்கள். 1978-இல் அறிமுகமாகி, பெரும்பாலும் பிறர் எழுதியவற்றைப் பாடிவந்த தகேயுச்சி, சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்துவிட்டு, எல்லாப் பாடல்களுக்கும் சொல்லும் மெட்டும் தாமே எழுதித் திரும்பிய முதல் தொகுப்பு 'வெரைட்டி'. காதலில் அடிபட்ட ஒரு பெண், இனி அது வெறும் விளையாட்டு என்று தனக்குத்தானே விதித்துக்கொண்டு இரவுகளை ஆடிக் கழிப்பதுதான் இந்தப் பாட்டு. கணவர் தட்சுரோ யமாஷிதாவின் வாத்தியக் கோர்ப்பில் டிரம்ஸும் பேஸ் கிதாரும் ஆடச் சொல்லி அழைக்க, குரலோ எங்கும் விம்மாமல், ஆறிய புண்ணைக் காட்டுவதுபோல் நிதானமாகச் செல்கிறது. ஜப்பானிய மொழி தெரியாதவருக்கும் இந்த முரண் காதில் விழுகிறது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

2017-இல் ஒரு ரசிகர் யூடியூபில் ஏற்றிய பதிவை, அடுத்து எதைக் கேட்கலாம் என்று காட்டும் அதன் பரிந்துரைப் பொறி பலர் முன் கொண்டுபோய் வைத்தது உண்மைதான். அதிலிருந்த தகேயுச்சியின் புன்னகைப் படம்கூட இந்தப் பாட்டுக்கு உரியதன்று. 1980-இல் வந்த வேறொரு தட்டுக்காகப் புகைப்படக்காரர் ஆலன் லெவன்சன் எடுத்தது. அவருடைய உரிமைக் கோரிக்கையால் 2018 இறுதியில் பதிவு நீக்கப்பட்டு, மறு ஆண்டு திரும்பியது. பொறி ஒரு பாட்டைக் காதருகே கொண்டுவரலாம். முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து போடவைப்பது அதை எழுதியவரின் வேலை. 'வெரைட்டி'யைத் தொடக்கத்திலிருந்து கேளுங்கள். இந்தப் பாட்டு இரண்டாவதாக வரும், அதோடு நிறுத்திவிடாதீர்கள்.