அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு காடு

கேள்வி (சத்துவாச்சாரி வாசகர்): ஹாங்காங்கில் வேலை பார்க்கும் என் மகன் ஞாயிறு வந்தால் மலையேறப் போய்விடுகிறான். வானுயர அடுக்குமாடிகள் நிற்கும் ஊரில் காடு எப்படித் தப்பியது? நம்ம வேலூரில் அப்படி முடியாதா?

பதில்: ஹாங்காங் மொத்தமே சுமார் 1,100 சதுர கிலோமீட்டர்தான். அதில் 75 லட்சம் பேர் நெருக்கியடித்து வாழ்கிறார்கள், ஆனாலும் நிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட பூங்காக்கள். பூங்கா என்றதும் ஊஞ்சலையும் புல்தரையையும் நினைக்காதீர்கள், இது மலையும் காடும் ஓடையும் கடற்கரையும் அப்படியே விடப்பட்ட நிலம்.

முக்கியக் காரணம் தண்ணீர். பெரிய ஆறு எதுவும் இல்லாத ஊர், மழைநீரை மலைகளுக்கு நடுவே அணை கட்டித் தேக்கினார்கள், அந்தச் சரிவுகளில் கட்டடம் வந்தால் குடிநீர் கெடும் என்பதால் அவற்றைத் தொடாமல் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது விறகுக்காக வெட்டி மொட்டையான மலைகளில் பிறகு கன்றுகள் நட்டு வளர்த்தார்கள். 1976இல் தனிச் சட்டம் வந்தது, 1977இல் முதல் பூங்காக்கள், 1979இல் மலைகளினூடே செல்லும் 100 கிலோமீட்டர் நீள மெக்லிஹோஸ் நடைபாதை.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது, வேலி போட்டு மக்களை வெளியே நிறுத்தாமல் உள்ளே விட்டதுதான். பஸ் ஏறிப் போய் நடந்துவிட்டு வரலாம். 2017க்குள் பூங்காக்களின் நடைபாதைகளில் குப்பைத்தொட்டிகளையே எடுத்துவிட்டார்கள், கொண்டுபோன பாட்டிலை நீங்களே திரும்ப எடுத்து வர வேண்டும். அப்படி நடந்து பழகியவர்கள்தான் 2010இல் தை லாங் சை வான் கடற்கரையை ஒட்டிய தனியார் நிலத்தில் மண் தோண்டியபோது கொதித்தெழுந்தார்கள். பூங்காக்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக விடுபட்டிருந்த நிலங்களையும் காக்க வேண்டும் என்று அரசு இறங்கி வந்தது.

சரி, வேலூருக்கு வருவோம். நம்மைச் சுற்றியும் மலைதான், காப்புக்காடும் இருக்கிறது, சட்டத்துக்குக் குறைவில்லை. ஓட்டேரி ஏரிக்கு நீர் தருவதே பாலமதி மலைதான், அந்த ஏரி ஒரு காலத்தில் ஊருக்கே குடிநீர் கொடுத்தது. ஆனால் மலைக்கும் குழாய்க்கும் உள்ள உறவை நாம் மறந்துவிட்டோம். கோடையில் மலை எரிந்தால் வேடிக்கை பார்க்கிறோம், அமிர்தி அருவிக்குப் போனால் பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டு வருகிறோம். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டு, 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்கியது இந்த ஊர். ஆற்றுக்காக அவ்வளவு தூரம் போனவர்கள் மலைக்காகவும் போக வேண்டும்.

கேள்வி (காட்பாடி வாசகி): வீட்டு வாடகை அவ்வளவு கொடுமையான ஹாங்காங்கில், காட்டின் ஓரத்தில் கொஞ்சம் வீடு கட்டினால் என்னங்க தப்பு?

பதில்: அங்கேயே இந்தப் பேச்சு எழுந்தது, பூங்கா ஓரங்களில் ஆய்வு நடத்தவும் அரசு முயன்றது, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். கன்டெய்னர் அடுக்கவும் பழைய வண்டிகளைப் போடவும் பயன்படும் பாழ்நிலம் அங்கே நிறைய இருக்கிறது, முதலில் அதை எடுங்கள் என்பது காடு காப்பவர்களின் வாதம். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது, ஓரம் என்று தொடங்கினால் அடுத்த வருடம் ஓரமே நகர்ந்துவிடும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஓட்டேரிக்கு நீர் வரும் ஓடைகள் காப்புக்காட்டுக்கு வெளியே எங்கெங்கே அடைபட்டிருக்கின்றன என்று பார்த்துப் படத்தோடு எங்களுக்கு எழுதுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்வு நாளில் மனுவாகவும் கொடுங்கள்.