சாமி கும்பிடும் பிள்ளைக்குத் தாதிமைப் படிப்பு சரிவருமா?

பட்டர்வொர்த்திலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த மகள் தாதிமை டிப்ளோமாதான் வேண்டும் என்கிறாள். தினமும் விளக்கேற்றும் பிள்ளை சாவையும் மற்ற மதத்தார் சடங்குகளையும் வார்டில் எப்படித் தாங்குவாள் என்று பயப்படுகிறீர்கள். பக்தி இந்த வேலைக்குத் தடையில்லை. ஆனால் அது மட்டுமே தகுதியாகவும் ஆகாது.

நோயாளியின் ஆன்மிகத் தேவையைக் கவனிப்பதும் தாதியின் கடமைதான். 1967இல் லண்டனில் சாவை நெருங்கிய நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் தாதி, பிறகுதான் டாக்டர். உடல், மனம், குடும்பக் கவலை, ஆன்மிகம் நான்கும் சேர்ந்ததுதான் வலி என்றார் அவர். அதற்காகத் தாதி பூஜை செய்ய வேண்டியதில்லை.

பினாங்கு வார்டு ஒன்றை நினைத்துப் பாருங்கள். எழ முடியாத மலாய்ப் பாட்டி தொழுகைக்குக் கட்டிலைக் கிப்லாத் (மக்கா இருக்கும் திசை) பக்கம் திருப்பித் தரச் சொல்வார். பக்கத்துக் கட்டிலில் நம் அக்காவுக்கு மறுநாள் ஆபரேஷன். உலோகம் உடம்பில் இருந்தால் மின்கருவியால் தோல் சுடலாம், தாலியைக் கழற்றியாக வேண்டும். "கழற்றுங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லும் தாதியும் உண்டு. கணவரைக் கூப்பிட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ள நேரம் கொடுத்துவிட்டுக் கழற்றச் சொல்பவரும் உண்டு. இரண்டாமவர் செய்ததுதான் ஆன்மிகப் பராமரிப்பு.

"எனக்கு ஏன் இப்படி?" என்று நோயாளி அழும்போது, "எல்லாம் முன்வினை" என்று உங்கள் மகள் ஆறுதல் சொல்லிவிடக் கூடாது. பக்தியுள்ள பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். கேட்காமல் பிரார்த்தனை செய்வதும் தவறு. நோயாளியே கேட்டால் கூட இருக்கலாம்.

இதெல்லாம் முக்கியம் என்று பல நாட்டுத் தாதியரும் ஆய்வுகளில் சொல்கிறார்கள். கூடவே, பயிற்சி போதவில்லை, நேரமும் இல்லை என்கிறார்கள். ஷிஃப்டில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுபவரிடம் உட்கார்ந்து பேசச் சொன்னால் சிரிப்பார். மகளிடம் இதை மறைக்காதீர்கள்.

கல்லூரியைத் தேடும்போது லெம்பாகா ஜுருராவாட் மலேசியாவின் (மலேசியத் தாதியர் வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் மற்ற எதையும் கேட்கத் தேவையில்லை. அடுத்து, அந்திமகாலப் பராமரிப்புக்குப் பயிற்சி எங்கே என்று கேளுங்கள். விண்ணப்பிக்கும் முன், பினாங்கு ஹாஸ்பிஸ் சங்கத்தில் தொண்டூழியராகச் சேர முடியுமா என்று மகளே ஃபோன் போட்டு விசாரிக்கட்டும். நீங்கள் பேச வேண்டாம்.