கடல் மீன் தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகிறது, வாங்கும் மீனெல்லாம் செத்துப்போகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

கேள்விக்குக் கீழே "நல்ல தீனிதான் போடுகிறேன், வாரம் தவறாமல் பில்டரைக் குழாயடியில் அலசுகிறேன், எல்லாமே கடைக்காரர் சொன்னபடிதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் கடைக்காரர் சொன்னபடியே செய்து பதினொரு மீன்களைக் கொன்றவன்.

நான் மீனைப் பற்றிப் படித்தவன் இல்லை. ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். விஷயம் தெரிந்தவர்கள் வந்து திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன். "கடல் மீனைக் கண்ணாடிப் பெட்டியில் அடைப்பதே பாவம்" என்று பின்னூட்டம் போட வருபவர்களே, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் இவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார். இன்றைக்கு அந்தத் தொட்டியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் மீனுக்கு உங்கள் வாக்கியம் உதவாது.

உங்கள் கதையும் இப்படித்தான் இருக்கும். கப்பி, மோலி, கோல்டு பிஷ் என்று சில வருடம் வளர்த்திருப்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் வளர்ப்பு மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் போனபோது ஆரஞ்சும் வெள்ளையுமாக க்ளவுன் மீன் கண்ணில் பட்டிருக்கும். பிள்ளை கையைப் பிடித்து இழுத்திருக்கும். தொட்டி, உப்பு, மணல், மீன் எல்லாம் ஒரே ஆட்டோவில் வீட்டுக்கு வந்திருக்கும்.

எனக்கு அது 2019 மார்ச்சில் நடந்தது. எந்தக் கடை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மூன்றடித் தொட்டி, ஏறக்குறைய 150 லிட்டர். "உப்பைக் கலக்கி ஒருநாள் மோட்டாரை ஓட விடுங்க சார், மறுநாள் மீனை விட்டுடலாம்" என்றார். இரண்டு க்ளவுன், நான்கு டாம்சல் விட்டேன். ஆறாம் நாள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எட்டாம் நாள் தொட்டியில் மணல் மட்டும் இருந்தது.

மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாக்க ஒரு வகை பாக்டீரியா வேண்டும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க இன்னொரு வகை. புதுத் தொட்டியில் இரண்டும் கிடையாது. அவை வளர்ந்து நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கப்பித் தொட்டியில் இப்படி அவசரப்பட்டும் தப்பித்திருப்பீர்களே என்றால், அங்கே பி.ஹெச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7-ஐ ஒட்டி இருந்தால் அம்மோனியாவில் பெரும்பங்கு அதிகம் விஷமில்லாத அம்மோனியமாக நிற்கும். கடல் தண்ணீரில் பி.ஹெச். 8-க்கு மேல். அதே அளவு அம்மோனியாவில் கொல்லும் பங்கு பல மடங்கு கூடிவிடும். நம் ஊர் வெயிலில் இன்னும் கூடும். அதனால் "எனக்கு மீன் வளர்த்துப் பழக்கம் இருக்கிறது" என்ற நினைப்புதான் முதல் ஆபத்து. அப்புறம், நீங்கள் வாராவாரம் குழாயடியில் அலசிக் கொட்டுவது வெறும் அழுக்கை இல்லை. அந்த பாக்டீரியாவையும்தான். குளோரின் கலந்த தண்ணீர் பட்டால் மிச்சமிருப்பதும் போகும். அலசியே ஆக வேண்டும் என்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள்.

இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தேன். மீன் இல்லாமல், ஒரு இறாலை மட்டும் தொட்டியில் அழுகப் போட்டு, அதிலிருந்து வரும் அம்மோனியாவில் அந்த பாக்டீரியா வளரட்டும் என்று ஐந்து வாரம் காத்திருந்தேன். அந்த நாற்றத்துக்கு வீட்டில் வாங்கிய பேச்சு தனி. டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாக ஐந்து மீன் விட்டேன். நன்றாகவே இருந்தன. மே மாதம் வந்தது.

தண்ணீர் 31 டிகிரிக்குப் போனது. தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லரின் விலை தொட்டியை விட அதிகம் என்பதால் மேலே ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். இரண்டு மூன்று டிகிரி குறைந்தது. ஆனால் தினம் மூன்று லிட்டர் ஆவியானது. குறைந்ததை நிரப்ப உப்பு கலந்த தண்ணீரையே ஊற்றினேன். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்? சிரிக்காதீர்கள், கடையிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஜூன் முதல் வாரத்தில் ஐந்தும் போயின. அம்மோனியா பூஜ்யம். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் ஹைட்ரோமீட்டரின் முள் 1.024-இல் நின்றது, கடல் மீனுக்கு அதுவும் சரி. ஒன்றும் புரியாமல் வாசலில் நின்றபோது தெருவில் மீன் விற்கும் அம்மா விசாரித்தார். சொன்னேன். "கடல்ல தண்ணி சரியில்லன்னா அது வேற பக்கம் ஓடிப்பூடும் சார். உன் பொட்டில எங்க போவும்?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கே போகும் என்பது மீனுக்கு மட்டுமான கேள்வி இல்லை என்று அன்று ராத்திரிதான் உறைத்தது. தண்ணீர் ஆவியாகப் போகிறது. உப்பு எங்கே போகும்? லிட்டருக்கு 35 கிராம், மூன்று லிட்டருக்கு 105 கிராம், பத்து நாளில் ஒரு கிலோவுக்கு மேல். செலவுப் பக்கமே இல்லாமல் வரவு மட்டும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். மறுநாள் நண்பரிடம், உப்பை அளக்கும் இன்னொரு கருவியான ரிஃப்ராக்டோமீட்டரை வாங்கிப் பார்த்தால் 1.033. முள்ளில் உப்பு படிந்து கனத்துப்போய்க் கீழேயே தொங்கி, என்னை ஏமாற்றியிருக்கிறது.

ஆக, ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றும்போதுதான் உப்புத் தண்ணீர். எங்கள் மடிப்பாக்கம் போர் தண்ணீரை இதற்கு நினைத்தே பார்க்காதீர்கள். "பக்கத்திலேயே கடல் இருக்க உப்பை ஏன் காசு கொடுத்து வாங்குகிறாய்" என்பார்கள். கூவமும் அடையாறும் கலக்கிற கரையோரத் தண்ணீரை நான் நம்பத் தயாராக இல்லை.

ஆர்.ஓ. என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். ஆர்.ஓ. கழித்துவிடும் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் பிடித்து வீடு துடைத்தோம், கழிப்பறைக்கு ஊற்றினோம். ஆனாலும் எங்கள் அசோசியேஷன் செயலாளர் என் பக்கெட்டைப் போட்டோ எடுத்து, "சிலர் மீனுக்காகக் குடிநீரை வீணாக்குகிறார்கள்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அதே மனிதர் ஞாயிறு தவறாமல் ஓஸ் பைப்பில் கார் கழுவுவார். லாரித் தண்ணீர்க் காசை எல்லோரிடமும் சமமாகத்தான் வாங்கினார்கள். நான் பதில் போடவில்லை. போட்டிருக்க வேண்டும்.

சரி. அந்த வருடம் ஆகஸ்டில் வாங்கிய க்ளவுன் ஜோடி இன்னும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லாதபோதும் பேட்டரி ஏர் பம்பில் பிழைத்தன. அதை ஒன்று வாங்கி வையுங்கள். கடையில் மெதுவாகக் குரலைத் தாழ்த்தி உயிருள்ள பவளம் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அபராதத்தோடு போகாது.

இப்போதைக்குப் புது மீன் வாங்க வேண்டாம். தொட்டியில் குறைகிற தண்ணீரை எதை ஊற்றி நிரப்புகிறீர்கள், அம்மோனியா எவ்வளவு, ஹைட்ரோமீட்டர் என்ன காட்டுகிறது என்று கீழே எழுதுங்கள். முள்ளை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுப் பார்த்து எழுதுங்கள்.