அமெரிக்க ஆன்லைன் தாதிமைப் பட்டத்துக்கு 5,000 வெள்ளி முன்பணம் கட்டலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 31 வயது. பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கிராணி (எழுத்தர்) வேலை. வணிக நிர்வாகப் பட்டதாரி. சம்பளம் 3,000 வெள்ளி (ரிங்கிட்), பிடித்தம் போகக் கைக்கு 2,640. வீட்டுச் செலவு 900, கார் தவணை 470, பிடிபிடிஎன் கல்விக்கடன் 150. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர், இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர். அவரை கிளினிக்குக்குக் கூட்டிப் போய்ப் போய் எனக்கும் தாதியாகும் ஆசை வந்துவிட்டது. சேமிப்பு 21,000, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 40,000. ஜொகூரில் இருக்கும் தம்பி மாதம் 300 தருவான். வேறு துறைப் பட்டதாரிகள் 16 மாதத்தில் ஆன்லைனில் அமெரிக்கத் தாதிமைப் பட்டம் பெறலாம் என்று ஒரு முகவர் 5,000 முன்பணம் கேட்கிறார். ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் மூன்றாண்டு டிப்ளோமாவுக்கு 55,000 என்கிறார்கள். எதில் சேர்வது?

பதில்: தங்கச்சி, அந்த 5,000 வெள்ளியைக் கட்டாதீர்கள்.

அப்படிப்பட்ட துரிதப் பட்டங்கள் அமெரிக்காவில் உண்மையிலேயே இருக்கின்றன. வேறு துறையில் பட்டம் பெற்றவர்கள் ஒன்று, ஒன்றரை ஆண்டில் முடிப்பார்கள். ஆனால் ஆன்லைனில் நடப்பது பாடம் மட்டும்தான். ஊசி போடுவதும் புண் கட்டுவதும் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும் மருத்துவமனையில் நேரில் கற்க வேண்டியவை. அந்த மருத்துவமனைகள் அங்கேதான் இருக்கின்றன. படித்த பிறகு என்கிளெக்ஸ் என்னும் தாதியர் உரிமத் தேர்வு எழுதி ஒரு மாநிலத்தின் உரிமம் வாங்க வேண்டும். சுங்கை சிப்புட்டில் மடிக்கணினி முன் உட்கார்ந்து இது எதுவும் நடக்காது.

இங்கே 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின் கீழ் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு பெற்றவர்தான் தாதி. அதனால் எந்தக் கல்லூரியிலும் முதலில் கேட்க வேண்டியது, ‘இந்தப் படிப்பு வாரியப் பதிவுக்கு வழிவிடுமா?’ என்பதே. உள்ளூரில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று கேள்விப்படும் தாதிமைப் பட்டங்களிலும் கவனம் வேண்டும். ஓப்பன் யுனிவர்சிட்டி மலேசியாவின் பட்டம் நல்ல படிப்புதான், ஆனால் அது ஏற்கெனவே பதிவு பெற்ற தாதிகளுக்கானது. புதிதாக வருகிறவருக்கு முழுநேர டிப்ளோமாவோ பட்டமோதான் வழி.

இனி கணக்கு. 55,000 என்பது கல்லூரி சொல்லும் விலை, உங்களுக்கு ஆகும் விலை அதைவிடப் பெரிது. மூன்று ஆண்டில் கைக்கு வராத சம்பளம் 95,040. இபிஎஃபில் உங்கள் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் நின்றுபோவதில் இன்னொரு 25,920. கட்டணத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 176,000 வெள்ளி. இதை ஆசையைக் கலைக்கச் சொல்லவில்லை. தாதி வேலை நிரந்தரமானது, உங்களுக்கு மனமும் இருக்கிறது. இவ்வளவு பெரிய விலையைச் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுக்காதீர்கள் என்பதற்குத்தான் சொல்கிறேன்.

எனவே ஆதரவுப் படிப்பைத் தேடுங்கள். சில தனியார் மருத்துவமனைக் குழுமங்கள் கட்டணத்தைத் தாங்களே ஏற்று, மாத உதவித்தொகையும் தந்து, படித்த பிறகு குறிப்பிட்ட ஆண்டுகள் தங்களிடம் வேலை செய்ய ஒப்பந்தம் வாங்குகின்றன. இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், தேர்வில் தவறினால் என்ன ஆகும், வயது வரம்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ) தேர்வில் கணிதம், அறிவியலில் கிரெடிட் இருக்கிறதா என்று உங்கள் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள்.

இடம் கிடைத்தால் காரை விற்றுவிடுங்கள். விற்ற காசு வங்கிக் கடனை அடைக்கப் போதுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பிடிபிடிஎன் அலுவலகத்தில் தவணையைத் தள்ளிவைக்கவோ மாற்றியமைக்கவோ கேளுங்கள். முன்கடன் நிலுவையில் இருக்கும்போது இரண்டாவது கடன் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். மிச்சம் வீட்டுச் செலவு மட்டும்: மூன்றாண்டுக்கு 32,400. தம்பியின் 10,800 போக 21,600. உங்கள் சேமிப்பு முழுவதும் அங்கேயே கரைந்துவிடும். உதவித்தொகை உங்கள் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஆகும்.

அம்மாவுக்கு இனிப்புநீர் இருக்கும் வீட்டில் அவசரக் கையிருப்பு இல்லாமல் மூன்று ஆண்டு ஓட்டக் கூடாது. அதனால் வயது வரம்பு இடிக்காவிட்டால் ஓர் ஆண்டு பொறுங்கள். மாதம் 700 ஒதுக்கினால் 8,400 சேரும், அது ஒன்பது மாத வீட்டுச் செலவு. வயது இடித்தால் காத்திருக்காமல் சேர்ந்துவிடுங்கள், தம்பியிடம் இன்னும் கொஞ்சம் கேளுங்கள். அக்கா தாதியானால் அது அவனுக்கும் பலம்.

இபிஎஃபின் செஜாத்தெரா கணக்கிலிருந்து கல்விக்கென்று எடுக்க வழி உண்டு. ஆதரவு எங்குமே கிடைக்காமல் கட்டணத்தை நீங்களே கட்டும் நிலை வந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். கூட்டு (சீட்டு) எடுக்கலாம் என்று தோட்டத்தில் யாராவது சொல்வார்கள். கூட்டைத் தொழிலாக நடத்துவது 1971-ஆம் ஆண்டிலிருந்தே சட்டப்படி குற்றம். நடத்துகிறவர் ஓடிவிட்டால் உங்கள் கல்லூரித் தவணை நின்றுவிடும். வட்டி முதலைகளின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

ஒப்பந்தக் கடிதம் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். வரிக்கு வரி சேர்ந்து படிப்போம்.