திருப்பம் நியாயமானதா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை 'அட்டாக் ஆன் டைட்டன்', 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்', 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்ற மூன்று அனிமேஷன் தொடர்களின் முடிச்சுகளும் அவிழ்கின்றன. இன்னும் பார்க்காதவர்கள் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அண்ணாச்சி, ஹாஸ்டல்ல ஒரே சண்டை. 'அட்டாக் ஆன் டைட்டன்' ரெண்டாவது சீசன்ல ரெய்னர் தான் யாருன்னு சொல்லுத இடத்த, 'ஒருத்தனும் எதிர்பாக்கல, அதான் கெத்து'ங்கான் ஒருத்தன். 'நான் அப்பவே கண்டுபிடிச்சிட்டேன், இதெல்லாம் ஒரு ட்விஸ்ட்டா'ங்கான் இன்னொருத்தன். யாரு சொல்லுதது சரி?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

ரெண்டு பேர் அளவுகோலும் தப்பு தம்பி. முன்னாலேயே ஊகித்தாரா என்பதை வைத்துப் பார்க்கிறவரின் கூர்மையைத்தான் அளக்க முடியும். கதையை அளக்க, உண்மை தெரிந்தபின் பழைய காட்சிகளுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

பார்க்காதவர்களுக்கு: மனிதரைத் தின்னும் டைட்டன் என்ற ராட்சதர்களுக்கு அஞ்சி மக்கள் பெரிய மதிலுக்குள் வாழ்கிறார்கள். நாயகன் எரெனின் படைத் தோழன் ரெய்னர்; ஆனால் அவன்தான் மதிலை உடைத்த கவச டைட்டன், வெளியிலிருந்து வந்த உளவாளி. முதல் சீசனில் (2013) அவன் கூட்டாளியான பெண் டைட்டனின் கைக்குள் சிக்கிய ரெய்னர், வெட்டிக்கொண்டு வெளியே வருகிறான். அவள் உள்ளங்கையைப் பார்க்கிறாள். திசையை மாற்றி எரென் இருக்கும் பக்கம் ஓடுகிறாள். முதல் தடவை 'அப்பாடா, தப்பிச்சான்' என்றுதான் தோன்றும். அவன் அந்தக் கையில் சேதி கீறிவிட்டு வந்தது பிற்பாடுதான் உறைக்கும். இரண்டாம் சீசன் (2017) நாலாவது எபிசோடில், இடிந்த கோட்டையில் கிடைத்த மீன் டப்பாவின் மேலிருக்கும் எழுத்தை சக வீராங்கனை யிமிர் படிக்கிறாள். சுவருக்குள் வளர்ந்த யாருக்கும் தெரியாத எழுத்து அது. 'உனக்கு இது படிக்கத் தெரியுமா?' என்று ரெய்னர் திகைப்பதற்கு இரண்டு அர்த்தம்: முதல் தடவை வெறும் வியப்பு, மறுதடவை அவனுக்கும் அந்த எழுத்து தெரியும் என்பது.

ஆறாவது எபிசோடில் மதில்மேல் நின்று எரெனிடம் விஷயத்தைச் சாதாரணப் பேச்சு போலச் சொல்லிவிடுகிறான். போர்வீரன், உளவாளி என்ற இரண்டு வேஷத்துக்கும் நடுவில் அவன் மனசு பிளந்து கிடப்பதால்தான் அந்தத் தொனி. இயக்குநர் வலிந்து திணித்த அதிர்ச்சி அல்ல. அங்கேதான் இது உயர்ந்த கதையெழுத்தாகிறது. ஒரு தாளில் கோடு கிழித்து, இடப்பக்கம் ரெய்னருக்குத் தெரிந்தது, வலப்பக்கம் அவன் வாயால் சொன்னது என்று எழுதிக்கொண்டே மறுபடி பாருங்கள். சண்டை தீரும்.

'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்'ல ஹ்யூஸ் சாவுக்கு எங்க அண்ணன் அழுதான். எனக்கு ஒண்ணுமே தோணல. எனக்கு மனசு கல்லா?
– பிளஸ் டூ மாணவி, அம்பாசமுத்திரம்

இல்லை தாயி. நீங்கள் இருவரும் பார்த்தது வேறு வேறு தொடர். 2003-இல் வந்த 51 எபிசோடு தொடரில் ராணுவ அதிகாரி ஹ்யூஸ் சாவது 25-ஆம் எபிசோடில். 2009-இல் தொடங்கிய 64 எபிசோடு 'பிரதர்ஹுட்'டில் 10-ஆம் எபிசோடிலேயே போய்விடுகிறார். பழையதில் அவருக்கு மகள் பிறக்கும் வேளையில் கதை நாயகர்களான எல்ரிக் சகோதரர்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். நாமும் கூடவே இருக்கிறோம். பழகாத ஆளின் சாவு செய்திதானே! மொத்தக் கதையாக 'பிரதர்ஹுட்' எவ்வளவோ மேல். ஆனால் இந்த ஒரு இடத்தில் பழையதே ஜெயிக்கிறது. அதில் 25 வரை பார்த்துவிட்டு, புதியதை முதலிலிருந்து தொடங்குங்கள்.

'அவதார்' கிளைமாக்ஸ்ல வார சிங்க ஆமை ஏமாத்து வேலைதானே?
– வாசகர், வள்ளியூர்

பாதி. எதிரியைக் கொல்லாமல் அவன் சக்தியைப் பறிக்கும் வித்தையை, கடைசிப் போருக்கு முன் நாயகன் ஆங்குக்குத் தருவது இந்தச் சிங்க ஆமைதான். இரண்டாம் சீசனில் பாலைவன நூலகத்தில் சிங்க ஆமையின் படம் வருகிறது. ஆனால் அப்படியொரு பிராணி உண்டு என்பதற்கு மட்டுமே அது தடயம். ஒருவனின் சக்தியைப் பறிக்கும் வித்தைக்குத் தடயமே இல்லை. அதைவிடப் பெரிய குறை, 'கொல்லாமல் எப்படி ஜெயிப்பாய்?' என்று தோழன் ஸூக்கோ ஆங்கைக் கேட்பதே மூன்றாம் சீசனின் 16-ஆம் எபிசோடு முடிவில்தான். மொத்தம் 61 எபிசோடு. கேள்வி பிறந்தபின் மிச்சம் ஐந்து.

பத்து நிமிஷ அனிமேஷன் செய்கிறோம். குற்றாலச் சீசனில் துண்டு விற்கும் பெரியவர்தான் கூட்டத்தில் தொலைந்த பையனின் தாத்தா என்பது கடைசித் திருப்பம். தடயத்தை எங்கே வைப்பது?
– மாணவர் குழு, தென்காசி

மூன்று தடயம் போதும்: ஒன்று படத்தில், ஒன்று பேச்சில், ஒன்று நடத்தையில். நடத்தையை முதலில் வையுங்கள். எல்லாரிடமும் கறாராகப் பேரம் பேசும் பெரியவர், ஒரு சின்னத் துண்டை மட்டும் விற்காமல் மடித்து வைக்கிறார். அந்த நொடியில் குரங்கு ஒன்று கூடையிலிருந்து எதையாவது பறித்துக்கொண்டு ஓடட்டும். பார்க்கிறவர் சிரிப்பார், துண்டு மனதின் ஓரத்தில் தங்கும்.

படத் தடயத்தில்தான் அனிமேஷன்காரர்கள் சறுக்குவார்கள். பின்னணி ஓவியம் பூசினாற்போல் இருக்கும். அசையப்போகும் பொருள் தட்டையான நிறத்தில் துருத்திக்கொண்டு தெரியும். பழைய கார்ட்டூனில் எந்தப் பாறை உருளும் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். எனவே பெரியவரின் கூடையில் சொருகிய பையனின் போட்டோவைப் பின்னணியோடு சேர்த்தே வரையுங்கள். இல்லையென்றால் அதே பூச்சில் இன்னும் நாலு பொருளைப் பக்கத்தில் வையுங்கள்.

குரல் பதிவுக்கு முன்பே, வெறும் ஸ்கெட்ச்களை நேரக்கணக்கோடு கோத்து, கதை தெரியாத நாலு பேருக்குக் காட்டுங்கள். 'எந்த நிமிஷத்தில் சந்தேகம் வந்தது?' என்று மட்டும் கேளுங்கள். மூன்றாம் நிமிடத்திலேயே வந்துவிட்டால் பேச்சுத் தடயத்தை எடுத்துவிடுங்கள்; பெரும்பாலும் வசனம்தான் காட்டிக்கொடுக்கும். படம் முடிந்த பிறகும் ஒருவருக்குக்கூடத் துண்டு ஞாபகமில்லை என்றால், அந்த ஷாட்டை இரண்டு விநாடி நீட்டுங்கள்.